நடக்குற நடைக்கு வாசிக்கணும்

கல்யாணத்துக்கு பிராஸ் குழு, அதான் பித்தளை ஊதுவாத்தியக் குழு, வைக்கலாமான்னு பேச்சு எடுத்தாலே அடுத்த கேள்வி ரெடியா வந்துடும், "காது கிழிஞ்சிடாதா?" நான் ட்ராம்போன் (குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுற வாத்தியம்) ஊதுற ஆளு, இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போச்சு. சத்தமா ஊதுறதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லைங்க, அஞ்சு பேர் சேர்ந்து மெதுவா, சுருதி விலகாம ஊதுறதுதான் உயிரை வாங்கும். மூச்சு கொஞ்சம் தளர்ந்தாலும் நோட் கீழ இறங்கிடும், இல்லைன்னா வெறும் காத்துதான் வரும்.

பெரும்பாலும் ரெண்டு ட்ரம்பெட், ஒரு ஃப்ரெஞ்ச் ஹார்ன், ஒரு ட்ராம்போன், ஒரு டியூபா, இதுதான் செட். மைக், ஸ்பீக்கர் எதுவும் தேவையில்ல, வாத்தியத்தைத் தூக்கிட்டு வந்து உக்காந்தா போதும். ஆனா எங்க உக்கார வைக்கிறீங்கன்றது முக்கியம். ஹார்ன்ல சத்தம் வெளிய வர்ற வாய் பின்பக்கம் பார்த்து இருக்கும், பின்னாடி சுவர் இருந்தா சத்தம் அதுல பட்டு முன்னாடி வரும், கனமான திரை இருந்தா அதுவே பாதியைக் குடிச்சிடும். அலங்காரம் பண்றவங்க போட்டோவுக்கு நல்லாருக்கும்னு எங்களுக்குப் பின்னாடி அடுக்கடுக்கா துணி கட்டி வச்சிருப்பாங்க, அப்ப ஹார்ன்காரர் மூஞ்சியைப் பாக்கணுமே.

ஏன் இவ்ளோ சிரமப்பட்டு ஆளுங்களை வைக்கணும், ஒரு பாட்டைப் போட்டு விட்டா போதாதான்னு கேப்பாங்க. பொண்ணு உள்ள நடந்து வர்ற அந்த நேரத்தைப் பாருங்க, பாதி வழியில யாரோ ஒரு பாட்டியைப் பார்த்து நின்னு கையைப் பிடிச்சுக்குவாங்க, இல்ல பதட்டத்துல ஒத்திகையில நடந்ததைவிட டபுள் வேகத்துல வந்து நின்னுடுவாங்க, பதிவு பண்ண பாட்டுக்கு இதெல்லாம் தெரியாது, நடுவுல கட் பண்ணுவாங்க, அசிங்கமா இருக்கும். எங்க நோட்ஸ் பேப்பர்ல எங்கெல்லாம் நிறுத்தலாமோ அங்கெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டிருக்கும். முதல் ட்ரம்பெட் வாசிச்சுக்கிட்டே வழியை ஒரு கண்ணால பாப்பார், வாத்தியத்தை லேசா மேல தூக்கினார்னா அடுத்த வட்டத்துல முடிக்கிறோம்னு அர்த்தம், தூக்கலைன்னா திரும்ப முதல்ல இருந்து. கேக்குறவங்களுக்கு அந்தப் பாட்டு அவ்ளோ நீளம்தான்னு தோணும்.

பாட்டு விஷயத்துல பழசுக்கு ஒரு தனி சௌகரியம் இருக்கு. ஜெரமையா கிளார்க்னு ஒரு இங்கிலாந்து இசையமைப்பாளரோட 'பிரின்ஸ் ஆஃப் டென்மார்க்ஸ் மார்ச்' (மார்ச்னா நடைக்கு வாசிக்கிற இசை) 1700 வாக்குல வந்தது, ரொம்ப நாள் பர்செல்னு இன்னொரு இசையமைப்பாளர் எழுதினதுன்னே நினைச்சுட்டு இருந்தாங்க. ஸ்வரத்தை மாத்த விரலால அழுத்துற வால்வுக்கு காப்புரிமை வாங்கினதே 1818-லதான், அதுக்கு முன்னாடி ட்ரம்பெட்னா வெறும் குழாய்ல உதட்டை வச்சு எந்த ஸ்வரம் கிடைக்குதோ அதுலதான் மெட்டு. அதனாலதான் அந்தக் கால ட்ரம்பெட் மெட்டு இப்பவும் பிராஸ்ல அப்படி உக்காருது. மெண்டல்சன்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளரோட 'வெட்டிங் மார்ச்', அதான் கல்யாண நடை இசை, 1842-ல நாடகத்துக்கு எழுதினது, 1858-ல விக்டோரியா ராணியோட மூத்த பொண்ணு கல்யாணத்துல வாசிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு கேட்டுக் கேட்டு சலிச்சிடுச்சு, ஆனா ஆரம்பத்துல அந்த ட்ரம்பெட் வரும்போது மொத்தக் கூட்டமும் திரும்பும், அதை ஒத்துக்கணும்.

சினிமாப் பாட்டும் வாசிக்கலாம், ஆனா அஞ்சு பேருக்குப் பிரிச்சு எழுதணும், முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினா நடக்காது.

அப்புறம் உதடு. விருந்து முடியுற வரைக்கும் நிறுத்தாம வாசிங்கன்னு சொல்லுவாங்க, வயலினுக்குச் சரி, இங்க சத்தம் உண்டாக்குறதே உதட்டோட நடுக்கம்தான், அது அசந்துட்டா மேல் ஸ்வரம் எட்டாது. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நாங்க எழுந்து போனா சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க. நடுநடுவே வாத்தியத்துல இருந்து தண்ணி ஊத்துறதைப் பார்த்தும் முகம் சுளிக்க வேண்டாம், அது எச்சில் இல்ல, முக்கால்வாசி மூச்சோட ஈரம் குழாய்ல குளிர்ந்து தேங்குறதுதான்.

வெயில்ல, திறந்தவெளியில கீபோர்டோட சேர்ந்து வாசிக்கச் சொன்னா இன்னொரு தலைவலி, சூட்டுல பிராஸ் சுருதி மேல ஏறும், கீபோர்டு இருந்த இடத்துலயே இருக்கும், நாங்க குழாயை இழுத்து இழுத்து சரி பண்ணிட்டே இருக்கணும். முடிஞ்சா நிழல் குடுங்க. ஆங், போட்டோகிராஃபர் முதல் ட்ரம்பெட்டுக்கும் வாசலுக்கும் நடுவுல நிக்காம பாத்துக்கோங்க.