60 ஸ்லோட்டியும் ஒரு வரைபடக்காரரும்

முதலில் அந்த டாக்சிக்காரரைத் திட்டிவிட்டுத் தொடங்குகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. ஸ்டேஷன் வாசலிலிருந்து நான் தங்கிய அறைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்கு 60 ஸ்லோட்டி, போலந்துக் காசு! மீட்டர் எங்கே என்று கேட்டால் வானத்தைக் காட்டுகிறார். மழையாம். நம் காசில் 1,300 ரூபாய்க்கு மேல். அன்றைய ராத்திரிச் சாப்பாட்டுக் காசு அதிலேயே போயிற்று. ஊருக்குக் கிளம்பிய அன்று அதே தூரத்தைப் பெட்டியை உருட்டிக்கொண்டு 20 நிமிடத்தில் நடந்து வந்தேன். நீங்களும் நடங்கள்.

ஊர் பிஷெமிஷ்ல். போலந்தின் தென்கிழக்கு மூலை, உக்ரைன் எல்லை கூப்பிடு தூரம். உக்ரைனியர்கள் பெரெமிஷ்ல் என்பார்கள். க்ராக்கோவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முன்பதிவு செய்த என் இருக்கையில் ஒரு பாட்டியும் அவருடைய பூனைக்கூண்டும் இருந்தார்கள். எழுப்ப மனம் வரவில்லை, பாதி தூரம் நின்றுகொண்டே வந்தேன்.

போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அது நடக்காது போலிருக்கிறது. நான் போனதே ஸ்தெபான் ருத்னித்ஸ்கி என்ற ஒரு மனிதருக்காக. உக்ரைனியப் புவியியலுக்கும் வரைபடக் கலைக்கும் அடிக்கல் நாட்டியவர், 1877 டிசம்பரில் இந்த ஊரில் பிறந்தார். அப்போது இது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா மாகாணம். நான் நடந்த தெருக்களில் அவர் பெயரை எங்கும் பார்க்கவில்லை. விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். கோட்டைக்கு வழி சொன்னார். எல்லோரும் கோட்டைக்குத்தான் வருகிறார்கள். முதல் உலகப் போரில், ரஷ்ய முற்றுகையில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, 1915 மார்ச்சில் ஆஸ்திரியப் படை சரணடைந்த கோட்டை. நானும் போனேன். மழையில் செங்கல், சேறு, ஈரக் காலுறை. அவ்வளவுதான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். சதுக்கத்துக்குப் பின்சந்தில் ஒரு சின்னக் கடை. பியெரோகி ரஸ்கியே. சோமாசி வடிவம், கொழுக்கட்டை மாதிரி வெந்த மாவு, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். சைவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பன்றிக் கொழுப்புத் துணுக்கைத் தூவிவிடுவார்கள். ஒரு தட்டு முடிந்ததும் பட்ஜெட்டை மறந்து இன்னொரு தட்டு வாங்கினேன். ‘ரஸ்கியே’ என்றால் ரஷ்ய என்று அர்த்தமில்லை. ரூதேனியா, அதாவது உக்ரைனியர்களின் மூதாதையர் வாழ்ந்த ‘ரூஸ்’ பகுதியைக் குறிக்கும் சொல் அது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு சில கடைகள் குழப்பமே வேண்டாம் என்று ‘உக்ரைனிய பியெரோகி’ என்று பெயரை மாற்றிவிட்டன.

இந்தப் பெயர்க் குழப்பத்தோடுதான் ருத்னித்ஸ்கி ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார். இன்றைய மேற்கு உக்ரைனில் இருக்கும் லிவிவில், உக்ரைனிய வரலாற்றாசிரியர் ஹ்ருஷெவ்ஸ்கியிடம் வரலாறு படித்து, கோசாக் போர்வீரர்களைப் பற்றி எழுதித் தொடங்கியவர். அப்புறம் வியன்னாவில் ஜெர்மானியப் புவியியலாளர் ஆல்பிரெக்ட் பெங்க்கிடம் போய் மண்ணையும் ஆற்றுப் படுகையையும் படித்தார். 1908இல் லிவிவ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். புவியியலை உக்ரைனிய மொழியில் சொல்லச் சொற்கள் போதவில்லை என்று அதே ஆண்டு ஒரு கலைச்சொல் தொகுப்பையும் கொண்டுவந்தார். தமிழில் கலைச்சொல் தேடி மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

1916இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. உக்ரைன் என்பது ரஷ்யச் சமவெளியின் ஓர் ஓரம் என்று ஐரோப்பா நினைத்துக்கொண்டிருந்த காலம். இல்லை, இதற்கென்று தனி நிலஅமைப்பு, தனி ஆறுகள், தனிக் கடல் வாசல் உண்டு என்று வாதாடினார். நிலத்தைப் பற்றி எழுதிய பாதி அருமை. மக்களைப் பற்றிய பாதியில் இன அளவீடு, மண்டையோட்டு ஆராய்ச்சி என்று அந்தக் காலத்துக் குப்பையும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

போருக்குப் பிறகு வியன்னா, பிராக் என்று நாடு கடந்து வாழ்ந்தார். 1926இல் சோவியத் உக்ரைன் தன் அன்றைய தலைநகர் கார்கிவுக்கு அழைத்ததும் நம்பிப் போனார். அங்கே புவியியல்-வரைபட ஆய்வு நிறுவனத்தை நடத்தினார், 1929இல் உக்ரைனிய அறிவியல் அகாதமி உறுப்பினரும் ஆனார். 1933 மார்ச்சில் பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளைக் கடலில் இருக்கும் சொலொவ்கி தீவுச் சிறை முகாம். 1937 நவம்பர் 3 அன்று வடமேற்கு ரஷ்யாவில், கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் சுட்டார்கள். அந்தப் புதைகுழிகளைக் கண்டுபிடிக்க 1997 வரை ஆயிற்று.

சாயங்காலம் மழை விட்டதும் சான் ஆற்றுப் பாலத்தில் போய் நின்றேன். அவர் இறந்து இரண்டே வருடத்தில், 1939இல், ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்கு போட்டபோது எல்லைக்கோடு இந்த ஆற்றின் மேல் விழுந்தது. அக்கரை ஜெர்மனிக்கு, பழைய ஊர் இருக்கும் இக்கரை சோவியத்துக்கு. 1941 ஜூன் வரை அப்படித்தான். வாழ்நாளெல்லாம் எல்லை வரைந்தவரின் ஊரை, யாரோ இருவர் இப்படிக் குறுக்கே கிழித்திருக்கிறார்கள். கடைசியில் ஊர் போலந்துக்கே வந்தது. அவருடைய வரைபடத்தில் இது உக்ரைனியர் வாழும் நிலம். பாலத்தின் மேல் இரண்டு பையன்கள் சைக்கிளில் ரேஸ் விட்டார்கள், என் காலை மிதிக்காத குறை.

மறுநாள் ஸ்டேஷனில் பார்த்தது மனதில் ஒட்டிக்கொண்டது. கட்டடம் அரண்மனை மாதிரி, கூரையெல்லாம் ஓவியம். உக்ரைன் ரயில்களுக்குத் தனி நடைமேடை. அவற்றின் தண்டவாள அகலம் 1,520 மில்லிமீட்டர், நம்மைக் கொண்டுவந்தது 1,435. கடவுச்சீட்டு வரிசை வெளியே வரை நீண்டிருந்தது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், பெரிய பெரிய பைகள். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

என் க்ராக்கோவ் ரயில் 40 நிமிடம் தாமதம். கையில் 11 ஸ்லோட்டி மிச்சமிருந்தது. ஒரு தேநீர் வாங்கினேன். 9.