பண்ருட்டி முந்திரியும் பதிவேட்டில் இல்லாத பெண்களும்

பண்ருட்டி முந்திரி என்றால் ஊர் உலகத்துக்கே தெரியும். அதை உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிக்கிற பெண்களில் பலருடைய பெயர் எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும் இல்லை.

கொட்டையை வேகவைப்பது, மூட்டை தூக்குவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. அதற்கு நாள் கூலி. உடைப்பதும் உரிப்பதும் பெண்கள் வேலை; அதற்குக் கிலோ கணக்கு. முந்திரி ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைக்கிறார்கள். விரல் கறுத்து, நுனி புண்ணான அக்காக்களை எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் பார்க்கலாம். கையுறை போட்டால் வேகம் குறையும், கூலியும் குறையும்.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை நம்பித்தான் நிறைய கம்பெனிகள் ஓடுகின்றன. சரக்கு வரத்து குறைந்தால் “நாளைக்கு வராதம்மா” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தது. ஆனால் அது ஒரே மாதிரி வேலைக்குத்தான் சமகூலி கேட்டது; 2025இல் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அப்படித்தான். ஆண் வேலை, பெண் வேலை என்று முதலிலேயே பிரித்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? அப்புறம் பேறுகால விடுப்பு. பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. பேறு நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். வருடக்கணக்காக உடைத்தவர்கள்கூட அதை எதைக் காட்டி நிரூபிப்பார்கள்?

தொழிற்சங்கத் தோழர்களே, கூலி உயர்வுக்கு முன்னால் பதிவேட்டைக் கேளுங்கள். வீட்டுக்கு வாங்கிப்போய் உடைக்கிறவர்கள் பெயரும் அதில் ஏற வேண்டும்.