சிமென்ட்டை உரித்த சுவர்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் நாங்கள் வாங்கிய பண்ணைவீடு 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. சுவர் முழுக்கத் தேன்நிறச் சுண்ணாம்புக்கல். கூரையும் கல்தான்: இறவாரத்தில் அகன்ற பலகைகள், முகட்டை நெருங்க நெருங்கச் சிறியவை. அந்த அடுக்கைப் பார்த்துத்தான் வீட்டின் மேல் ஆசைப்பட்டேன்.

முதல் குளிர்காலத்திலேயே வடக்குச் சுவரில் ஓதம் ஏறியது. உள்பூச்சு உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. பழைய வீடுகளில் வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவரை அழைத்தோம். அவர் உள்ளே வரவே இல்லை. வெளியே கல் இடுக்குகளில் யாரோ எப்போதோ அடைத்திருந்த சிமென்ட்டைக் காட்டினார். இரண்டு அடி கனச் சுவரில் வெளிப்புறம் ஒரு வரிசைக் கல், உட்புறம் ஒரு வரிசை, நடுவில் சல்லியும் சாந்தும். மழையில் குடித்த நீரை இடுக்குகளிலுள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் அது வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. நீர் கல்லிலேயே தங்கி, பனியில் உறைந்து, கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்திருந்தது.

பழமையான கட்டடங்களைக் காக்கும் அரசுப் பட்டியலில் எங்கள் வீடு இரண்டாம் தரத்தில் (Grade II) இருப்பதால் உள்ளாட்சியின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்புதலின்றி அதன் தன்மையை மாற்றுவது குற்றம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்குப் பதினொரு வாரம் ஆனது. 'சுண்ணாம்புச் சாந்து' என்று மட்டும் எழுதியது போதவில்லை. எந்த மணல், என்ன விகிதம், சிமென்ட்டை எதைக் கொண்டு எடுப்போம் என்றெல்லாம் கேட்டார்கள். ஒரு சதுர மீட்டரில் மாதிரி பூசிக் காட்டச் சொன்னார்கள். அலைச்சல்தான், ஆனாலும் கேட்டது நியாயம். விண்ணப்பிப்பவர்கள் முதலிலேயே நிறைய ஒளிப்படங்கள் எடுத்து வையுங்கள்.

சிமென்ட்டை இயந்திரம் வைத்து அறுத்தால் கல்லின் விளிம்பு போய்விடும் என்பதால் உளியும் சுத்தியலும்தான். புதுச் சாந்து சற்று இறுகியதும், கட்டை மயிர்த் தூரிகையால் குத்திக் குத்தி மணல் தெரியும்படி செய்தார் கொத்தனார். பிறகு சாந்து சட்டென்று காய்ந்துவிடாமல் இருக்க ஈரச் சாக்குத் திரை. வெயில் நாட்களில் நானே காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். உறைபனி தொடங்குவதற்கு முன்பே வேலை முடிந்தது.

உள்பூச்சை இன்னும் போடவில்லை. சுவர் உலரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.