அமெரிக்கால நர்ஸிங் படிக்க காசு எங்க இருந்து வரும்?

அமெரிக்கால நர்ஸிங் சேரலாமான்னு யோசிக்கற நம்மாளுங்க அடிக்கடி மெசேஜ் பண்றாங்க, எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி, "எந்த வெப்சைட்ல ஸ்காலர்ஷிப் தேடறது?" நான் திருப்பிக் கேக்கறது ரெண்டு. க்ரீன் கார்டு இருக்கா? ஏற்கனவே டிகிரி முடிச்சிருக்கீங்களா? இந்த ரெண்டுக்கும் பதில் வெச்சுக்காம ராத்திரி பூரா தேடினா கண்ணு வலி தான் மிச்சம்.

டிகிரி மேட்டர முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இத யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. பெல் கிராண்ட்னு ஒண்ணு இருக்கு, ஃபெடரல் கவர்ன்மென்ட் குடுக்கறது, திருப்பிக் கட்ட வேண்டாம், 2025-26க்கு அதிகபட்சம் 7,395 டாலர். கம்யூனிட்டி காலேஜ்ல (ஃபீஸ் கம்மியான உள்ளூர் ரெண்டு வருஷ காலேஜ்) படிச்சா பல இடத்துல ட்யூஷன் மொத்தமும் இதுலயே அடங்கிடும். ஆனா இது முதல் பேச்சலர் டிகிரி வாங்காதவங்களுக்கு மட்டும் தான். "நான் தான் இங்க எதுவுமே படிக்கலையே"ன்னு நினைப்பீங்க. ஊர்ல முடிச்ச பிஈ, பிடெக் கூட அவங்க கணக்குல டிகிரி தாங்க, அத வெச்சு இங்க ஒரு வேலையும் கிடைக்கலனாலும் சரி, ஏடிஎன்ங்கற ரெண்டு வருஷ நர்ஸிங் டிகிரில சேர்ந்தாலும் சரி, பெல் கிடையாது. டிகிரிய சொல்லாம விட்டுடுன்னு ஐடியா குடுக்கற புண்ணியவான்களும் இருக்காங்க, தயவு செஞ்சு அத கேக்காதீங்க, பெல்லுக்கு நிரப்பறது ஃபாஃப்ஸாங்கற ஃபெடரல் ஃபார்ம், அதுல பொய் சொன்னா ஃபைன், ஜெயில் வரைக்கும் போகும்.

பெல் இல்லன்னா ஃபாஃப்ஸா எதுக்குன்னு விட்டுடாதீங்க. ஃபெடரல் லோனுக்கு அந்த ஃபார்ம் வேணும், நர்ஸ் கோர் (நர்ஸிங் படிக்க ஃபெடரல் கவர்ன்மென்ட் குடுக்கற ஸ்காலர்ஷிப், கீழ சொல்றேன்), பல காலேஜோட சொந்த ஸ்காலர்ஷிப், இதெல்லாம் அதுல வர்ற எஸ்ஏஐ நம்பர (உங்க குடும்பத்தால எவ்வளவு கட்ட முடியும்னு காட்டற கணக்கு) பாத்து தான் முடிவு பண்றாங்க. ஃபார்ம் ஃப்ரீ, எவனாவது நிரப்பித் தர்றேன்னு காசு கேட்டா ஓடிருங்க. கல்யாணம் ஆனவங்களோ 24 வயசு தாண்டினவங்களோ அப்பா அம்மா வருமானம் காட்ட வேண்டாம், ஆனா வீட்டுக்காரரோட சம்பளம் கணக்குல வரும். அதுவும் ரெண்டு வருஷம் முந்தின சம்பளம், அதாவது 2026-27 ஃபார்ம்ல 2024 டாக்ஸ். நடுவுல லே-ஆஃப் ஆகி ஒரு சம்பளம் நின்னு போயிருந்தா ஃபார்முக்கு அது தெரியாது, காலேஜ் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸுக்கு போய் "புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்" பண்ணுங்கன்னு, அதாவது இப்போ இருக்கற நிலைமைய பாத்து கணக்க மாத்துங்கன்னு, லெட்டரோட கேக்கணும். கேட்டா தான் பாப்பாங்க, அவங்களா கூப்பிட மாட்டாங்க.

இப்போ நர்ஸ் கோர் ஸ்காலர்ஷிப். சிட்டிசனா இருக்கணும், இல்லன்னா க்ரீன் கார்டு இருக்கணும், காலேஜுக்கு அக்ரெடிட்டேஷன் (தர அங்கீகாரம்) இருக்கணும், எஸ்ஏஐ கம்மியா இருக்கறவங்களுக்கு முன்னுரிமை. ட்யூஷன், ஃபீஸ், மாசாமாசம் ஸ்டைபெண்ட் எல்லாம் வரும், பதிலுக்கு படிச்சு முடிச்சதும் நர்ஸ் பத்தாக்குறை இருக்கற ஆஸ்பத்திரியிலயோ கிளினிக்லயோ குறைஞ்சது 2 வருஷம் வேலை. இது புது யோசனை இல்ல, 1943லயே போருக்கு நர்ஸ் பத்தலன்னு கேடட் நர்ஸ் கோர் ஆரம்பிச்சு ஃபீஸ், யூனிஃபார்ம், கைச்செலவுக்கு காசு எல்லாம் குடுத்து படிக்க வெச்சாங்க, போர் முடியற வரைக்கும் நர்ஸ் வேலை பாக்கறேன்னு உறுதிமொழி வாங்கிக்கிட்டு. இன்னிக்கும் அதே டீல் தான். நடுவுல விட்டா வாங்கின காச வட்டியோட கட்டணும். வீட்டுக்காரர் வேலை ஒரு ஊர்ல, உங்களுக்கு கிடைச்ச ஆஸ்பத்திரி வேற ஸ்டேட்ல இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு சைன் பண்றதுக்கு முன்னாடியே வீட்ல உக்காந்து பேசிடுங்க. ஸ்காலர்ஷிப் கிடைக்கலனாலும் இதே ஆளுங்க நடத்தற லோன் ரீபேமென்ட் இருக்கு, அதே மாதிரி இடத்துல 2 வருஷம் வேலை பாத்தா நர்ஸிங் லோன்ல 60 சதவீதம் அடைப்பாங்க, மூணாவது வருஷம் இருந்தா இன்னும் 25 வரைக்கும். கையில முழுசா வராது, அந்த பணத்துக்கு டாக்ஸ் உண்டு.

என்னை கேட்டா நம்மாளுங்க பல பேருக்கு ஒத்து வர்ற வழி வேற. கம்யூனிட்டி காலேஜ்ல ஏடிஎன், என்கிளெக்ஸ்ங்கற நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை பாஸ், ஆர்என்னா (ரிஜிஸ்டர்ட் நர்ஸா) ஆஸ்பத்திரி வேலை, அப்புறம் ஆஸ்பத்திரி காசுல ஆன்லைன்ல பிஎஸ்என் (நர்ஸிங் பேச்சலர் டிகிரி). வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் கம்பெனி குடுக்கற படிப்புக் காசுக்கு டாக்ஸ் கிடையாது, அதனாலயே பல ஆஸ்பத்திரி சரியா அந்த தொகைய வெச்சிருக்கும். முதல்ல நீங்க கட்டி மார்க் காட்டினப்புறம் தான் திரும்ப வருமா, எத்தன வருஷம் அங்கயே இருக்கணும், இத ரெண்டையும் எச்ஆர் கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க.

வெளி ஸ்காலர்ஷிப்ல நாடு பூரா போட்டி போடற பெருசுகள விட உங்க கவுண்டி கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் (உள்ளூர் அறக்கட்டளை), காலேஜ் நர்ஸிங் டிபார்ட்மென்ட், இதெல்லாம் தான் நேரத்துக்கு தகுந்த பலன். நேஷனல் ஸ்டூடண்ட் நர்ஸஸ் அசோசியேஷன் ஃபவுண்டேஷனும் வருஷா வருஷம் குடுக்கறாங்க. கட்டுரைல "சின்ன வயசுல இருந்தே சேவை செய்யணும்னு"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, படிக்கறவங்களுக்கு அலுத்துப் போயிருக்கும். மாமியார ஆஸ்பத்திரில பாத்துக்கிட்டீங்களா, டாக்டர் சொன்னத அவங்களுக்கு தமிழ்ல எடுத்துச் சொன்னீங்களா, அத எழுதுங்க. இன்னொண்ணு, வெளில இருந்து காசு வந்தா சில காலேஜ் தான் குடுக்கறத அந்த அளவுக்கு குறைச்சிடும், அப்ளை பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

எச்4ல (எச்1பி விசாக்காரங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா) இருக்கறவங்களுக்கு நேராவே சொல்றேன். ஃபெடரல் காசு எதுவும் கிடையாது, ஈஏடி (வேலை பாக்கற அனுமதி கார்டு) இல்லன்னா ஆஸ்பத்திரி வழியும் அடைஞ்சது தான். சில ஸ்டேட்ல எச்4க்கு இன்-ஸ்டேட் ட்யூஷன் (அந்த ஸ்டேட்காரங்களுக்கான கம்மி ஃபீஸ்) உண்டு, பல இடத்துல அதுவே பாதிக்கு மேல மிச்சம், காலேஜ் ரெசிடென்சி ஆபீஸ்ல கேளுங்க. சிட்டிசன்ஷிப் கேக்காத ப்ரைவேட் ஸ்காலர்ஷிப்பும் உண்டு. க்ரீன் கார்டு கிட்ட வந்துடுச்சுன்னா, இப்போ அனாட்டமி, மைக்ரோபயாலஜி மாதிரி ப்ரீரெக்விசிட் (சேர்றதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய பாடங்கள்) மட்டும் முடிச்சு வெச்சுட்டு கார்டு வந்ததும் ப்ரோக்ராம்ல சேருங்க. ஆனா சில காலேஜ் 5 வருஷத்துக்கு மேல பழைய சயன்ஸ் க்ரெடிட்ட ஏத்துக்காது, அந்த கணக்க மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க.