லிஸ்பன் போவதென்றால் ஏப்ரல் 25 அன்று போங்கள்

போர்ச்சுகலில் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த 1974 கார்னேஷன் புரட்சியின் நினைவு நாள் அது. முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அல்ஜூபே அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தால், தெருவோரம் வரிசையாக டுக்-டுக்குகள் நிற்கின்றன. நம் ஆட்டோதான், விலை மட்டும் ஐரோப்பாவுடையது. "இன்று அரசு விடுமுறை, மெட்ரோ கிடையாது. மார்கேஸ் த பொம்பால் சதுக்கம் போக 45 யூரோ" என்றார் ஓட்டுநர். நாலாயிரம் ரூபாய்க்கு மேல்! அந்தப் பணத்தில் இங்கே மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடலாம். சரிவில் இறங்கி நதிக்கரை நிலையத்துக்கு நடந்தேன். மெட்ரோ ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் இரண்டு யூரோவைக்கூடத் தொடவில்லை.

அல்ஜூபேயை மட்டும் தவறவிடாதீர்கள். சர்வாதிகாரி சலாசார் ஆட்சியின் அரசியல் கைதிகளை 1965 வரை அடைத்து வைத்த சிறை அது. தனிமைச் சிறை அறைகளைப் பார்த்தால் மூச்சு முட்டும். நடப்பதற்கு இடமில்லை, திரும்பிப் படுக்கலாம், அவ்வளவே. பக்கத்திலேயே பேராலயம். சுற்றுலாக் கூட்டம் முழுவதும் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறது.

பிற்பகலில் பொம்பால் சதுக்கத்திலிருந்து ரோசியு சதுக்கம் நோக்கி ஊர்வலம் இறங்குகிறது. டாங்கி அணிவகுப்பு, தலைவர்களுக்கு மேடை என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். தோளில் குழந்தையுடன் அப்பாக்கள், தொழிற்சங்கக் கொடிகள், செண்டை போல அதிரும் முரசுகள், எல்லார் சட்டையிலும் சிவப்பு கார்னேஷன். ஒரு பூவுக்கு இரண்டு யூரோ கொடுத்து வாங்கி ஐம்பது அடி நடப்பதற்குள் ஒரு சங்கத்துக்காரர் இலவசமாக இன்னொன்றை நீட்டினார். "ஏப்ரல் 25 என்றென்றும், பாசிசம் இனி ஒருபோதும் வேண்டாம்!" என்ற முழக்கத்தை ஐந்தாறு முறை கேட்டால் மொழி தெரியாதவரும் சேர்ந்து கத்தலாம். நான் கத்தினேன்.

இந்தியா என்றதும் அருகே நடந்த முதியவர் "கோவா!" என்று சிரித்தார். 1961 டிசம்பரில் நம் ராணுவம் கோவாவுக்குள் நுழைந்ததை சலாசார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1974இல் இந்தப் புரட்சி வந்த பிறகுதான் போர்ச்சுகல் அதை ஏற்றது. ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலா, மொசாம்பிக், கினி காடுகளில் முடிவில்லாத போருக்கு அனுப்பப்பட்டுச் சலித்த இளம் ராணுவ அதிகாரிகள்தான் அரசைக் கவிழ்த்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் வானொலியில் ஒலித்த ஜோஸே அஃபோன்ஸோவின் பாட்டே அவர்களுக்குச் சமிக்ஞை. அதே பாட்டை அன்று தெருவே பாடியது. சுருதி சேரவில்லை, யாருக்கும் கவலையுமில்லை.

பிறகு கார்மு சதுக்கம். அது மேட்டில் இருக்கிறது, படி ஏறுங்கள். சாந்தரெய்னிலிருந்து கவச வண்டிகளுடன் வந்த கேப்டன் சல்கேய்ரு மாயா, சலாசாருக்குப் பின் வந்த பிரதமர் கயத்தானு பதுங்கியிருந்த படைத்தளத்தை வளைத்தது இங்கேதான். மாலைக்குள் சரணடைந்தார் கயத்தானு. பூ வந்த கதை இன்னும் சுவை: உணவகம் ஒன்றின் முதலாம் ஆண்டு விழாவுக்கு வாங்கிய கார்னேஷன்கள், கடை திறக்காததால் ஊழியர்கள் கையில் வந்தன. சிகரெட் கேட்ட சிப்பாயிடம், தன்னிடம் இல்லாததால் அந்த ஊழியர்களில் ஒருவரான செலெஸ்தி கயேய்ரு பூவைக் கொடுத்தார். சிப்பாய் அதைத் துப்பாக்கி முனையில் செருகினார்.

கோபம் வந்த இடம் ஒன்று: அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரகசியப் போலீஸ் தலைமையகம். அன்று உள்ளேயிருந்து சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். இப்போது அது ஆடம்பர அடுக்குமாடி. சுவரில் ஒரு கல்வெட்டு மட்டும்.

பசிக்கு பிஃபானா. பூண்டும் வெள்ளை ஒயினும் சேர்ந்த சாற்றில் வெந்த பன்றியிறைச்சித் துண்டை மொறுமொறு ரொட்டிக்குள் திணித்து, மேலே கடுகுச் சாந்து. நின்றுகொண்டே தின்ன வேண்டும், சாறு முழங்கைவரை வழியும். நான்கு யூரோ. ஊர்வலப் பாதையில் மேசை போட்ட கடைகள் இதற்கு மூன்று மடங்கு கேட்கின்றன, சுவை பாதிகூட இல்லை. சைவக்காரர்கள் கவனம்: கீரை சூப்பிலும் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், கேட்டு வாங்குங்கள்.

அறை வாடகை அந்த வாரம் ஏறிவிடும், முன்பே பதிவு செய்யுங்கள். ஊர்வல நேரத்தில் அந்தச் சாலையில் பஸ் போகாது. எவராவது மெட்ரோ இல்லை என்றால் மட்டும் நம்பாதீர்கள்.