ஒரே ஐபி, ரெண்டு டிடிஎல்: டாக்கர் ஹோஸ்ட்டை ஸ்கேன் பண்ணி பாத்தது

ஒருவழியா பிடிபட்டுச்சு, அதான் சுடச்சுட எழுதறேன். வீட்ல இருக்கற டெபியன் (லினக்ஸ்ல ஒரு வகை) பாக்ஸை லேப்டாப்ல இருந்து என்மேப் (எந்த போர்ட் திறந்திருக்குன்னு பாக்கற ஸ்கேனர்) போட்டா போர்ட் 22-க்கு டிடிஎல் (பாக்கெட்ல இருக்கற ஒரு எண், ஒவ்வொரு ரவுட்டர் தாண்டும்போதும் ஒண்ணு குறையும்) 64 வருது, அதே ஐபில 8080-க்கு மட்டும் 63. ரெண்டு மெஷினும் ஒரே சுவிட்ச்ல தான் இருக்கு, நடுவுல ரவுட்டரே கிடையாது, அப்புறம் அந்த ஒண்ணை யாரு குறைச்சா?

ஹோஸ்ட்டே, அதாவது அந்த டெபியன் பாக்ஸே தான் குறைக்குது. 8080-ல பேசறது உள்ள டாக்கர்ல ஓடற கன்டெய்னர் (தனக்குன்னு தனி நெட்வொர்க்கோட பிரிச்சு வெச்ச ப்ரோக்ராம்), அது 64-ன்னு வெச்சு அனுப்பற பாக்கெட்டை ஹோஸ்ட் ஒரு ரவுட்டர் மாதிரி வாங்கி வெளிய தள்ளுது, தள்ளும்போது ஒண்ணு குறைஞ்சுடுது. உறுதி பண்ணிக்க அதே கன்டெய்னரை ஹோஸ்ட் நெட்வொர்க் மோடுல (ஹோஸ்ட்டோட நெட்வொர்க்கையே நேரா யூஸ் பண்ற மோடு) ஓட்டி பாத்தேன், டக்குனு 64. பழையபடி பிரிட்ஜுக்கு (டாக்கரோட தனி உள் நெட்வொர்க்) மாத்தினா திரும்ப 63. இதே கணக்குப்படி நேட்டுக்கு (ஐபி முகவரியை மாத்தி அனுப்பற முறை) பின்னாடி விண்டோஸ் விஎம் (வர்ச்சுவல் மெஷின்) இருந்தா 127 வரணும், ஏன்னா விண்டோஸ் 128-ல ஆரம்பிக்கும்.

இதை பாக்க என்மேப்ல ரீசன் ஆப்ஷனும் வெர்போஸும் சேத்து போடணும், ரூட்டா ஓட்டணும், இல்லன்னா அது சாதா கனெக்ட் ஸ்கேனுக்கு போயிடும், டிடிஎல் கண்ணுலயே படாது. எல்லாரும் ஓஎஸ் டிடெக்‌ஷனையே நம்பறாங்க, எனக்கு அதைவிட இந்த ஒரு டிடிஎல் எண் தான் பெருசா தெரியுது. ஓஎஸ் டிடெக்‌ஷன் சரியா வரணும்னா ஒரு ஓப்பன் போர்ட்டும் ஒரு குளோஸ்டு போர்ட்டும் கிடைக்கணும், ஃபயர்வால் மிச்ச எல்லாத்தையும் டிராப் பண்ணி ஃபில்டர்டுன்னு காட்டினா அதோட பதில் ஊகம் தான்.

இன்னொண்ணு, இது முக்கியம். அந்த பாக்ஸ்ல யுஎஃப்டபிள்யூ (லினக்ஸ் ஃபயர்வால் டூல்) ஆன்ல இருக்கு, 22 மட்டும் தான் அலோ, ஆனாலும் 8080 ஓப்பன்னு வருது! டாக்கர் நேட் டேபிள்ல தன்னோட ரூலை போட்டுடுது, பாக்கெட் இன்புட் செயினுக்கே (ஹோஸ்ட்டுக்குன்னே வர்ற பாக்கெட்டுக்கான ரூல் வரிசை) வராம ஃபார்வர்டு (வேற இடத்துக்கு தள்ளி விடற பாக்கெட்டுக்கான வரிசை) வழியா போயிடுது, யுஎஃப்டபிள்யூல நாம குடுத்த ரூலோ இன்புட்ல உக்காந்திருக்கு. உள்ள இருந்து ஸ்டேட்டஸ் பாத்தா எல்லாம் பூட்டின மாதிரியே இருக்கும், வெளிய இருந்து ஸ்கேன் பண்ணினா தான் நிஜம் தெரியும். வெளிய தெரிய வேண்டாத சர்வீஸை 127.0.0.1-ல (அந்த மெஷினுக்குள்ள மட்டும் தெரியற முகவரி) பைண்ட் பண்ணிடுங்க. நான் பாதிக்கு பண்ணிட்டேன், மீதி கம்போஸ் ஃபைல் (கன்டெய்னர் செட்டிங் எழுதற ஃபைல்) இன்னும் கிடக்கு.

போர்ட் 22-ல இருக்கற எஸ்எஸ்எச் பேனரும் (கனெக்ட் ஆனதும் சர்வர் தன்னை பத்தி சொல்ற வரி) வாயை வெச்சுட்டு சும்மா இருக்கல, ஓப்பன்எஸ்எஸ்எச் 9.2பி1, கூடவே டெப்12-ன்னு ஒட்டிட்டு வருது, டெபியன் 12-ன்னு யாரும் தனியா கண்டுபிடிக்கவே வேண்டாம்.

விலேன் (ஒரே சுவிட்ச்சுக்குள்ள தனித்தனி நெட்வொர்க்) பிரிச்சு இதையே திரும்ப பண்ணனும்னு ஆசை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் மேனேஜ்டு சுவிட்ச் தேடிட்டு இருக்கேன், ஃபேன் சத்தம் இல்லாததா யாராவது பாத்தா சொல்லுங்க. அதுக்கு முன்னாடி யுடிபி போர்ட்டுகளை ஸ்கேன் பண்ற வேலை இருக்கு (இதுவரை பாத்தது டிசிபி). போர்ட் மூடியிருக்குன்னு சொல்ற ஐசிஎம்பி அன்ரீச்சபிள் பதிலை லினக்ஸ் செகண்டுக்கு ஒண்ணுன்னு தான் விடும், 65,535 போர்ட்டும் ஓட்டினா 18 மணி நேரத்துக்கு மேல ஆகும். இப்போதைக்கு 53, 123, 161, 1900, 5353 மட்டும் போட்டு விட்டிருக்கேன்.