வீட்டைக் கொடுத்து வண்டி வாங்கியவர்கள்

நவம்பர் 3

மோர்மன்கள் என்ற அமெரிக்க மதச் சபையினர் மேற்கே போன கதையை எல்லோரும் பாதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பனி, சேறு, எருது, கூடாரம். கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதாலோ என்னவோ, எனக்கு வேறு இடத்தில் கண் போகிறது: கிளம்பக் காசு ஏது? இந்த மாதம் அதைத்தான் படிக்கிறேன். படித்ததை அவ்வப்போது இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. பிறகு எங்குமே நிலையாக இருக்க முடியவில்லை. ஒஹையோவில் கர்ட்லண்ட் என்ற ஊரில் ஆலயம் கட்டினார்கள், கடன் ஏறியது. அங்கே ஆரம்பித்த வங்கி, மாநிலத்தின் அனுமதி கிடைக்காமலே 1837-இல் நோட்டு வெளியிட்டு, அதே வருடம் படுத்துவிட்டது. அடுத்தது மிசௌரி. 1838 அக்டோபரில் ஆளுநர் பாக்ஸ் இவர்களை மாநிலத்தைவிட்டே விரட்ட உத்தரவு போட்டார். நிலத்தில் போட்ட பணம் அத்தோடு போச்சு.

நவம்பர் 5

மிசௌரியை விட்டுப் போகும்போது, 1839 ஜனவரியில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இருப்பவர் தன் சொத்தைக் கொடுத்தாவது இல்லாதவரை வெளியே கூட்டிப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். இருநூறு பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். சபைத் தலைவர்களில் ஒருவரான பிரிகாம் யங்தான் முன்னின்று செய்தார்.

1845-இல் அதே வேலை மறுபடியும். இம்முறை இலினாயில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அவர்களே உருவாக்கிய நாவூ நகரம். முந்தைய வருடம் ஸ்மித்தைக் கார்த்தேஜ் சிறையில் கும்பல் சுட்டுக் கொன்றிருந்தது. செப்டம்பரில் எதிரிகள் சுற்றுப்புற மோர்மன் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். வசந்தத்தில் போய்விடுகிறோம் என்று மோர்மன்கள் ஒத்துக்கொண்ட கையோடு, அக்டோபர் மாநாட்டில், இன்னும் முடியாத ஆலயத்துக்குள், ஏழைகளையும் விடாமல் அழைத்துப் போவோம் என்று சத்தியம் செய்தார்கள். அன்றைய உற்சாகத்தில் கை தூக்குவது சுலபம். செலவு எவ்வளவு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நவம்பர் 6

தெரியாமல் இல்லை, தெரிந்திருக்கிறது. அதே மாதம் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு: கூண்டு போட்ட நல்ல வண்டி ஒன்று, மூன்று ஜோடி எருது, கறவை மாடு, இறைச்சிக்கு மாடு, கிடைத்தால் மூன்று ஆடு, ஆயிரம் பவுண்டு மாவு (நம் கணக்கில் 450 கிலோ), துப்பாக்கி, கூடாரம், விதை, உழவுச் சாமான். டீயும் காபியும்கூட உண்டு. 1833-லேயே இவர்களுக்கு அவை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் பட்டியலில் இருக்கின்றன! அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.

எல்லாம் புதிதாக வாங்கினால் 250 டாலர். அன்றைய சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 7 டாலர். அப்படியென்றால் ஏறக்குறைய மூன்று வருடச் சம்பளம்.

கையில் இருந்தது வீடும் நிலமும். ஊரே விற்க வந்தால் யார் விலை கொடுப்பார்கள்? வாங்குபவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே விலை இறங்கும். செங்கல் வீட்டைக் கொடுத்து ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும் வாங்கிக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு.

நவம்பர் 9

வண்டி விலை கொடுத்து மாளாது என்பதால் ஊரே பட்டறையாகிவிட்டது. உலர்ந்த மரம் போதவில்லை. பச்சை மரத்தை வெட்டி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, சூளையில் காயவைத்து, சக்கரத்துக்கு ஆரக்காலும் குடமும் செய்திருக்கிறார்கள். பட்டை போட இரும்பும் கிடைக்கவில்லை. நவம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 3285 குடும்பங்களுக்கு 1508 வண்டி தயார். 1892 பாதி வேலையில்.

இதற்கு நடுவே ஆலய வேலையும் நிற்கவில்லை. விட்டுவிட்டுப் போகிற ஊரில் எதற்கு இவ்வளவு மரம், இவ்வளவு ஆள் என்று எனக்குக் கோபமே வந்தது. அவர்களுக்கு அது முடியாமல் போக முடியாது. 1846 மே மாதம் பொதுப் பிரதிஷ்டைக்கு ஆளுக்கு ஒரு டாலர் கட்டணம் வசூலித்தார்கள். கட்டினவர்களுக்குக் கூலி பாக்கி.

நவம்பர் 12

புல் முளைத்த பிறகு போவதாகத்தான் ஏற்பாடு. கைது வாரன்ட், ராணுவம் வருகிறது என்ற பேச்சு, எல்லாம் சேர்ந்து 1846 பிப்ரவரி 4-ஆம் தேதியே முதல் வண்டிகள் ஆற்றைக் கடந்தன. தயாராகாதவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். வழியில் அயோவா விவசாயிகளுக்கு வேலி மரம் பிளந்து கொடுத்து மக்காச்சோளம் வாங்கினார்கள். வில்லியம் பிட்டின் பித்தளை வாத்தியக் குழு ஊர் ஊராகக் கச்சேரி செய்து காசும் தானியமும் சம்பாதித்தது.

சத்தியம் யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் நாவூவிலேயே தங்கிவிட்டார்கள்: வீடு விற்காதவர்கள், நோயாளிகள், விதவைகள். செப்டம்பரில் துப்பாக்கி முனையில் அவர்களையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். அறுநூறு பேருக்கு மேல், மழையில், பலருக்குக் கூடாரம்கூட இல்லாமல், காய்ச்சலோடு கிடந்தார்கள். மேற்கேயிருந்து வண்டிகள் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டு போனது உண்மை. ஆனால் கடைசியில் மாட்டிக்கொண்டது அவர்கள்தானே.

நவம்பர் 13

ரொக்கம் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. மெக்சிகோ போருக்காக 1846 ஜூலையில் இவர்களில் ஏறக்குறைய 500 ஆண்களை அமெரிக்க ராணுவம் சேர்த்துக்கொண்டது. உடுப்புப்படி ஆளுக்கு 42 டாலர், முன்பணமாக. எல்லோரும் போட்டிருந்த உடையிலேயே நடந்தார்கள். பணத்தில் பெரும்பகுதி குடும்பங்களுக்கும் சபைப் பொதுச்செலவுக்கும் போனது. பாதுகாக்காத அரசாங்கத்துக்காகச் சண்டைக்குப் போவதா என்று பலர் முணுமுணுத்தார்கள். யங் விடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்தப் பணத்தை விட்டிருக்க மாட்டேன்.

நவம்பர் 17

கடலுக்கு அப்பாலும் இதே கதை. 1850 வாக்கில் பிரிட்டனில் மட்டும் முப்பதாயிரம் பேர், பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிகள். அதற்குச் சில வருடம் முன்பே, கப்பல் கட்டணத்துக்கு வழி என்று சொல்லி அங்கே ஒரு கூட்டுப் பங்கு நிறுவனம் ஆரம்பித்தார்கள். ஏழைகள் பங்கு வாங்கினார்கள், 1846-இல் அது திவாலானது. அதே வருடம் வான்கூவர் தீவில் குடியேற உதவி கேட்டு விக்டோரியா ராணிக்கு மனு: ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் கையெழுத்து, 168 அடி நீளம். ஒன்றும் நடக்கவில்லை.

இடையில் ஒரு துணுக்கு. 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மோர்மன் ஊழியர் நம் மெட்ராசுக்கும் வந்து ஒரு பத்திரிகை நடத்தினார். பணப்பை இல்லாமல் போவதுதான் அந்தக் காலத்தில் இவர்கள் ஊழியர்களின் வழக்கம். சேர்ந்தவர்கள் மிகச் சிலர்.

நவம்பர் 23

1849-இல், மேற்கே அவர்கள் போய்க் குடியேறிய யூட்டாவின் சால்ட் லேக்கில் நிரந்தரக் குடியேற்ற நிதி தொடங்கினார்கள். தானம் இல்லை, கடன். வந்து சேர்ந்து, சம்பாதித்து, திருப்பிக் கட்டினால் அடுத்தவர் வரலாம். முதல் வசூல் 5000 டாலருக்கு மேல். நாவூ ஏழைகளில் மிச்சமிருந்தவர்களுக்கே அது முதலில் போனது. நல்ல யோசனைதான். கட்ட முடிந்தவர்கள் குறைவு, அதுதான் ஓட்டை.

பணம் வற்றவே, 1856-இல் எருது வண்டிக்குப் பதில் கைவண்டி. ஆளுக்கு 9 பிரிட்டிஷ் பவுன் செலவில் லிவர்பூலிலிருந்து யூட்டாவுக்கு. சாமான் ஆளுக்கு 17 பவுண்டு எடைதான். நாவூவில் மரத்தை வேகவைத்தாவது பதப்படுத்தினார்கள். இங்கே அதற்கும் நேரமில்லை. பச்சை மரச் சக்கரம் சமவெளி வெயிலில் சுருங்கி வெடித்தது. மணல் அரித்த அச்சில் தோலைச் சுற்றி, சோப்பும் பன்றிக் கொழுப்பும் தடவி இழுத்தார்கள். தாமதமாகக் கிளம்பிய மார்ட்டின் குழு, சுமை தாங்காமல் அக்டோபர் 17-இல் ஆளுக்குப் பத்து பவுண்டு என்று குறைத்தது. போர்வைகள் போயின. 19-ஆம் தேதி பனிப்புயல். அந்தக் குழுவிலும், அதேபோல் தாமதமாகக் கிளம்பிய வில்லி குழுவிலும் சேர்த்து இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

நிதியில் கடன் வாங்கி வந்தவர்களில் பிழைத்தவர் பெயரில் கணக்குப் புத்தகத்தில் பாக்கி அப்படியே நின்றது. சபையின் ஐம்பதாம் ஆண்டான 1880-இல்தான், கட்ட முடியாத ஏழைகளின் பாக்கியென்று நிதிக் கடனில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள்.